ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எந்த இன நாய் நல்லது என்பதுதான் பெற்றோர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பூடில் என்று பட்டியல் போட்டுப் பதில் சொல்பவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் இனம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்கள் குழந்தையால் எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது? நாயைத் தினமும் பார்த்துக்கொள்ளப் போகும் பெரியவர் யார்? நீங்கள் பார்க்கும் அந்தக் குறிப்பிட்ட நாய் திடுக்கிட்டால் எவ்வளவு சீக்கிரம் இயல்புக்குத் திரும்புகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

இதுவரை நாயே வளர்க்காத குடும்பங்களை நினைத்து எழுதியிருக்கிறேன். முதல் படியிலிருந்து நாய் வீட்டுக்கு வரும் நாள்வரை சில மாதங்கள் ஆகலாம். ஆகட்டும். குழந்தை ஆசைப்படுகிறது என்பதற்காகவோ, பிறந்தநாள் நெருங்குகிறது என்பதற்காகவோ அவசரப்பட வேண்டாம்.

1. எந்த வகை நாய் என்று முதலில் தெளிவாகுங்கள்

நாய்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு எப்படி உதவின என்று நாம் கேள்விப்படும் கதைகளில் மூன்று வகை நாய்கள் கலந்து கிடக்கின்றன.

உதவி நாய் என்பது குறிப்பிட்ட வேலைகளுக்கென்று பயிற்சி பெற்றது. குழந்தை சாலைப் பக்கம் ஓடாமல் நின்று தடுப்பது, கலங்கிப்போகும்போது மடியில் படுத்து அழுத்தம் கொடுப்பது போன்றவை அதன் வேலைகள். கனடாவின் நேஷனல் சர்வீஸ் டாக்ஸ் அமைப்பு 1990களின் பிற்பகுதியிலேயே ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக இப்படி நாய்களைப் பழக்கத் தொடங்கியது. ஒரு நாயைத் தயார்செய்ய 2 ஆண்டுகள் வரை பிடிக்கும். காத்திருப்போர் வரிசையும் நீளம். பல நாடுகளில் இந்த நாய்களைப் பொது இடங்களுக்குள் அழைத்துச் செல்லச் சட்டமே அனுமதி தருகிறது. சிகிச்சை நாய் வேறு: அது தன் உரிமையாளருடன் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வந்து, குழந்தைகளுடன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். மூன்றாவது, சாதாரணமாக வீட்டில் வளரும் குடும்ப நாய். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆய்வு முடிவுகளைப் படித்துவிட்டுப் பெரிய எதிர்பார்ப்போடு பலர் நாய் வாங்குகிறார்கள். கனடாவில் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆட்டிசம் உள்ள 42 குழந்தைகளின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். காலையில் கண் விழித்தவுடன் அது 58 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நாய் வந்தபின் அந்த ஏற்றம் 10 சதவீதமாகக் குறைந்தது. நாயைத் திருப்பி எடுத்துக்கொண்டதும் மறுபடி 48 ஆனது. நல்ல செய்திதான். ஆனால் அவை எல்லாம் பயிற்சி பெற்ற உதவி நாய்கள். விலங்குக் காப்பகத்திலிருந்து வரும் ஒரு வயது நாய் அதே பலனை அடுத்த வாரமே தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

குடும்ப நாய்களைப் பற்றியும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஆய்வில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் 70 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நாய் வளர்த்தவர்கள். நாய் வளர்த்தவர்களில் 94 சதவீதம் பேர், குழந்தை நாயோடு நெருக்கமாகிவிட்டது என்றார்கள். ஒத்துவரும் என்று நம்பி நாய் வாங்கிய குடும்பங்களின் பதில் இது என்பதை மறந்துவிடாமல் படிக்க வேண்டும். நாய் குழந்தைக்குப் பேச்சு வரவைக்கும், மெல்ட்டவுனை (தாங்க முடியாமல் குழந்தை கட்டுப்பாடிழந்து கலங்கிப்போவதை) நிறுத்திவிடும் என்ற எண்ணத்தோடு வாங்கினால் நாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரு பெரிய பாரத்தை ஏற்றுகிறோம். நாய் வந்தால் வீட்டில் ஒரு நாய் இருக்கும். மற்றதெல்லாம் அமைந்தால் மகிழ்ச்சி.

2. குழந்தையைக் கவனியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன்.

ஆட்டிசம் உள்ளவரும் விலங்கு அறிவியல் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சில குழந்தைகள் நாயோடு உடனே ஒட்டிக்கொள்கிறார்கள். சிலர் முதலில் பயந்து, பழகியபின் விரும்புகிறார்கள். வேறு சிலருக்கு, நாய் எந்த நொடியில் குரைக்கும் என்று தெரியாததே தாங்க முடியாத வேதனை. உங்கள் குழந்தை இதில் எந்த வகை என்று ஒரு நாளில் தெரியாது.

ஒலியிலிருந்து தொடங்குங்கள். குரைப்பு, ஊளை, நகம் தரையில் உரசும் சத்தம், தண்ணீர் நக்கிக் குடிக்கும் சத்தம், மூச்சிரைப்பு எல்லாவற்றின் பதிவுகளும் கிடைக்கும். மிகக் குறைந்த ஒலியில், குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். காதைப் பொத்திக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் பார்க்கலாம். குரைப்பைத் தாங்கும் குழந்தைக்குக்கூட நக்கிக் குடிக்கும் சத்தம் பிடிக்காமல் போகலாம். அது தினமும் பல தடவை வீட்டில் கேட்கும் சத்தம் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து தொடுகையும் வாசனையும். ஈர மூக்கு, எச்சில், உதிரும் ரோமம், மழையில் நனைந்த நாயின் வாடை. மென்மையான ரோமத்தை விரும்பும் குழந்தை நக்கலைச் சகிக்காது என்பது சாதாரணமாக நடப்பது. அழுத்தமான அணைப்பை விரும்பும் குழந்தைக்குக் கனமான நாய் பக்கத்தில் சாய்ந்து படுப்பது பிடித்துப்போகலாம். குழந்தையின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாட வேலைகளுக்கும் புலன் உணர்வுகளைக் கையாளவும் குழந்தையைப் பழக்கும் நிபுணரிடம்) இதையெல்லாம் பேசுங்கள். எந்தப் புலன் உணர்வைக் குழந்தை தேடுகிறது, எதை ஒதுக்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, அசைவு. நாய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. திடீரென்று எழும், குறுக்கே ஓடும், வாலால் அடிக்கும். எதிர்பாராத அசைவைக் கண்டால் உறைந்துபோகும் குழந்தைக்கு இது பெரிய விஷயம்.

இதற்கெல்லாம் வழி, தெரிந்தவர் வீட்டு நாயைப் பல தடவை போய்ப் பார்ப்பதுதான். அமைதியான, வயது வந்த, குழந்தைகளோடு பழகிய நாயாக இருக்கட்டும். முதல் சந்திப்பில் ஒரே அறையில்கூட இருக்க வேண்டாம். கதவிடுக்கிலோ ஜன்னல் வழியாகவோ பார்த்தால் போதும். தொடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கடைசியில் குழந்தை தானாக ஓர் அடி முன்னே வைக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பேசாத குழந்தையாக இருந்தால் உடலைக் கவனியுங்கள்: தோள்கள் இறுகுகின்றனவா, கைகளை உதறுவது மகிழ்ச்சியாலா பதற்றத்தாலா, வீடு திரும்பியபின் தூக்கமும் சாப்பாடும் வழக்கம்போல இருந்தனவா.

ஒரு முக்கியமான விஷயம். குழந்தைக்கு நாய்மேல் அக்கறையே இல்லை என்று தெரிந்தால், அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். பயமும் இல்லை, ஆர்வமும் இல்லை என்ற நிலையில் உள்ள குழந்தைக்கு நாய் துணையாகும் என்று நம்பி வாங்குவதைவிட, மற்ற பிள்ளைகளுக்காகவோ உங்களுக்காகவோ வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு வாங்குவது நேர்மையானது. அப்படி வாங்குவதில் தவறும் இல்லை.

அப்புறம், நாயின் பக்கத்திலிருந்தும் குழந்தையைப் பார்க்க வேண்டும். கலங்கும்போது கையில் கிடைப்பதை எறிவதுண்டா? இறுக்கிப் பிடித்தால் விடாமல் இருப்பதுண்டா? உடன்பிறந்தவர்மேல் தொப்பென்று விழுவதுண்டா? சாப்பிடக் கூடாததை வாயில் போடும் பழக்கம் உண்டா? அப்படியானால் நாயின் உணவும் மலமும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. திறந்த கதவைக் கண்டால் வெளியே ஓடிவிடும் குழந்தையா? நாயை வெளியே கூட்டிப்போக வாசல் கதவு நாளுக்கு நான்கைந்து தடவை திறக்கும். இவற்றில் எதற்கும் ஆம் என்று பதில் சொன்னதால் நாய் கூடாது என்று ஆகிவிடாது. பூட்டும் தடுப்பும் நாய் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஆனால் விலங்கையோ சின்னக் குழந்தையையோ அடிக்கடி அடிக்கும், கிள்ளும் காலத்தில் குழந்தை இருந்தால், அந்தக் காலம் தாண்டும்வரை காத்திருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

3. நாய் பெரியவர்களுடையது

நாய் வந்தால் குழந்தைக்குப் பொறுப்பு வரும் என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். சாப்பாடு, நடை, குளிப்பாட்டல், பயிற்சி, கால்நடை மருத்துவர், இரவில் வாந்தி எடுத்தால் எழுந்து சுத்தம் செய்வது எல்லாம் வீட்டில் ஒரு பெரியவரின் பெயரில் எழுதப்பட வேண்டும். குழந்தை ஒரு சின்னப் பங்கை எடுத்துக்கொள்ளலாம், தினமும் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதைப் போல. எடுத்துக்கொள்ளாமலும் போகலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோரின் நாள் ஏற்கெனவே தெரபி, பள்ளி, தூக்கமில்லாத இரவு என்று நிரம்பியிருக்கும். வளர்ந்த நாய்க்குக்கூட நடை, விளையாட்டு, பயிற்சி என்று நாளுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் தேவை. வாங்குவதற்கு முன், நாய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு காலையும் மாலையும் அந்த நேரத்தை ஒதுக்கி, சில வாரம் வெறும் நடை போய்ப் பாருங்கள். முடியவில்லை என்றால் இப்போது நாய் வேண்டாம். நாய்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வாழ்கின்றன. இன்று 6 வயதுக் குழந்தை அதற்குள் இளைஞராகியிருப்பார். அவ்வளவு காலக் கணக்கு இது.

ஆஸ்துமா, ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்றும் இந்தக் கட்டத்திலேயே மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

4. குட்டியா, வளர்ந்த நாயா?

முதல் நாய் என்றால், வளர்ந்த நாயைத்தான் நான் சொல்வேன். 2 வயதைத் தாண்டிய நாயின் குணம் ஏறக்குறைய நிலைத்துவிடும். அது குரைக்குமா, தாவுமா, சத்தத்துக்கு நடுங்குமா என்று நேரிலேயே பார்க்கலாம். குட்டியிடம் இதெல்லாம் ஊகம்தான். 7 வார வயதில் குட்டிகளுக்குச் செய்யும் குணச் சோதனைகள், அது வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்பதை நம்பகமாகச் சொல்வதில்லை.

குட்டி என்றால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல் முளைத்து விழும் 6 மாதம் வரை கையை, சட்டையை, பொம்மையைக் கடிக்கும். ஊசிபோன்ற பல் அது. குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டு. துரத்தும், இன்னும் கடிக்கும். குழந்தை அந்த நாயை ஆயுளுக்கும் வெறுக்க இந்தச் சில மாதங்கள் போதும். அப்புறம் ஒன்றரை, இரண்டு வயதுவரை விடலைப் பருவம்.

இருந்தும் குட்டிதான் வேண்டுமென்றால், 8 வாரம் ஆவதற்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். 3 வாரத்திலிருந்து 14 வாரம்வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அந்தக் காலத்தில் பலவிதமான மனிதர்களையும் சத்தங்களையும் அது அமைதியாகச் சந்தித்திருக்க வேண்டும். குழந்தையின் கையுதறல், ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புவது, குதிப்பது எல்லாம் அந்த வயதிலேயே அதற்குச் சாதாரணமாகிவிட்டால் நல்லது.

5. உருவம், ரோமம், இனம்

சரி, இப்போது இனத்துக்கு வருவோம்.

2022இல் சயன்ஸ் இதழில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தை வைத்து விளக்க முடிந்தது. லாப்ரடார் என்று பெயர் இருப்பதால் சாது என்று முடிவு கட்ட முடியாது. கலப்பினம் என்பதால் ஒதுக்கவும் கூடாது.

ஆனாலும் சில போக்குகள் இனத்தோடு வரத்தான் செய்கின்றன. பார்டர் கோலி போன்ற மந்தை மேய்க்கும் நாய்கள் ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வப் பார்க்கும். பீகிள் சத்தமாக ஊளையிடும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் குறட்டையும் மூச்சுச் சத்தமுமாக இருக்கும். ஒலிக்குக் கூசும் குழந்தை அதே அறையில் தூங்குவது கடினம். சிவாவா அளவு நாயின் எலும்பு மெல்லியது, குழந்தை மேலே விழுந்தால் ஒடிந்துவிடும். வலித்தால் எந்த நாயும் கடிக்கும். லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் உதவி நாய் வேலைக்குத் திரும்பத் திரும்பத் தேர்வாவதற்குக் காரணம், உடல் திடமானது, மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்வதில் இயல்பாகவே ஆர்வம் உண்டு என்பதுதான். அவற்றிலும் இளம் வயதில் மகா துள்ளல் உண்டு, ரோமம் ஏராளமாகக் கொட்டும்.

ஒவ்வாமைக்குப் பயந்து பூடில் கலப்புகளைத் தேடுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1989இல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் அமைப்பில் இருந்த வாலி கான்ரன், கணவருக்கு ஒவ்வாமை இருந்த ஒரு பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒவ்வாமை தரும் புரதம் உமிழ்நீரிலும் தோல் செதிளிலும் இருக்கிறது; எந்த இனமும் அதிலிருந்து முழுக்க விலக்கில்லை. வாங்கப்போகும் அதே நாயோடு சில மணி நேரம் இருந்து பார்ப்பதே சோதனை. பூடில் வகை ரோமத்தைத் தொடர்ந்து சீவி வெட்டிவிட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உருவத்தில் என் விருப்பம் நடுத்தர அளவு. குழந்தை சாய்ந்தால் தாங்க வேண்டும். வாரைப் பிடித்திருக்கும் பெரியவரை இழுத்துத் தள்ளவும் கூடாது.

6. எங்கே தேடுவது?

விலங்குக் காப்பகங்கள், குறிப்பிட்ட இன நாய்களை மீட்டு வளர்க்கும் குழுக்கள், பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் ஆகிய மூன்று இடங்களிலும் நல்ல நாய் கிடைக்கும். வளர்ப்பாளர் என்றால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்; காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். காப்பகம் என்றால் நாயைத் தற்காலிகமாக யாராவது வீட்டில் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். கூண்டில் பார்ப்பதைவிட வீட்டில் இருந்த நாயைப் பற்றி அவர் சொல்வது பத்து மடங்கு பயன்படும். பலர் யோசிக்காத இன்னொரு வழியும் இருக்கிறது. உதவி நாய்ப் பயிற்சி அமைப்புகளில் எல்லா நாயும் தேறுவதில்லை. சின்ன உடல்நலக் காரணத்தாலோ, அணிலைக் கண்டால் கவனம் சிதறுகிறது என்ற காரணத்தாலோ விலக்கப்பட்ட, ஆனால் நன்றாகப் பழகிய நாய்களைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். காத்திருக்க வேண்டும், காத்திருக்கத் தகுந்தது.

எங்கே வாங்கினாலும் ஒரு கேள்வியை எழுத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்: ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? முதலில் சில வாரம் வைத்துப் பார்க்க அனுமதி உண்டா?

7. நாயைச் சோதித்துப் பார்ப்பது

முதல் சந்திப்புக்குக் குழந்தையைக் கூட்டிப்போகாதீர்கள். முடிந்தால் நாய்ப் பயிற்சியாளர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நாய் தானாக உங்களிடம் வருகிறதா? வந்து முகர்ந்துவிட்டு அருகிலேயே இருக்கிறதா, மேலே தாவி மிதிக்கிறதா, சுவரோரம் ஒதுங்கி நிற்கிறதா? தானாக வந்து அருகில் இருக்கும் நாய்தான் உங்களுக்கு வேண்டும்.

பிறகு, நாய்க்குச் சற்றுத் தொலைவில் ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். எந்த நாயும் திடுக்கிடும். அது குறையே இல்லை. அடுத்த சில நொடிகள்தான் முக்கியம். திரும்பிப் பார்த்துவிட்டு, போய் முகர்ந்துவிட்டு, உங்களிடம் திரும்பி வந்தால் நல்ல நாய். பல நிமிடம் மூலையில் நடுங்கினாலோ, விடாமல் குரைத்தாலோ, அது உங்கள் வீட்டின் சத்தங்களைத் தாங்காது. திடீர் அலறலும் கதவை அறைவதும் உள்ள வீட்டில், சீக்கிரம் தெளியும் குணத்தைவிட முக்கியமான குணம் நாயிடம் வேறில்லை. குழந்தை வீட்டில் எழுப்பும் ஒலிகளைப் பதிவு செய்து எடுத்துப்போய், மெல்ல ஒலிக்கவிட்டும் பாருங்கள்.

காது, பாதம், வால் ஆகியவற்றைத் தொட்டால் எப்படி நடந்துகொள்கிறது? சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் நடந்தால் விறைத்துப்போகிறதா, உணவின்மேல் குனிந்து மறைக்கிறதா? பொம்மையை விட்டுக்கொடுக்கிறதா? இவற்றைக் காப்பக ஊழியரோ பயிற்சியாளரோ செய்துகாட்டட்டும். நீங்களாக உணவில் கை வைக்காதீர்கள். இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கடித்த வரலாறு உள்ள நாய் உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம்தான் குழந்தை. ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாமல், வேறு வேறு நாட்களில், வேறு வேறு நேரங்களில் பாருங்கள். கலங்கும் நாளிலும் குழந்தை எப்படி இருக்கும் என்று நாயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

8. நாய் வருவதற்கு முன்

முதலில் நாய்க்கு ஓர் இடம். குழந்தையால் நுழைய முடியாத, தடுப்புக் கதவு போட்ட மூலை. மெல்ட்டவுன் வரும் நேரத்தில் நாய் அங்கே போய்விட வேண்டும். குழந்தையை அது சமாதானப்படுத்தும் என்று பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அதேபோல, நாயால் நுழைய முடியாத அறை ஒன்று குழந்தைக்கும் இருக்கட்டும். நாயின் படுக்கையையும் கிண்ணத்தையும் சில வாரம் முன்பே வைத்துவிட்டால், வீட்டின் தோற்றம் ஒரே நாளில் மாறாது.

குழந்தைக்குப் படங்களோடு ஒரு சின்னக் கதை செய்து தினமும் படியுங்கள். நாயின் உண்மையான புகைப்படத்தைப் போடுங்கள். அது எங்கே தூங்கும், எப்போது சாப்பிடும், குரைத்தால் நாம் என்ன செய்வோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குழந்தை படஅட்டைகளாலோ கருவியாலோ பேசினால் நாயின் பெயர், வேண்டாம், போதும், போ ஆகிய சொற்களை அதில் சேருங்கள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத குழந்தை கையால்தான் சொல்லும்.

வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து ஆகியவற்றின் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மாத்திரைகளை உயரத்தில் பூட்டி வையுங்கள். சாக்லேட்டும் திராட்சையும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிடால் கலந்த இனிப்பும் நாய்க்கு நஞ்சு. குழந்தை ஆசையாகத் தன் தட்டிலிருந்து ஊட்டிவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

9. முதல் வாரங்கள்

வந்த நாய் முதல் சில நாள் திகைத்திருக்கும், சில வாரத்தில் வழக்கம் புரியும், வீடு தன்னுடையது என்று உணர மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை விருந்தாளிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தையையும் நாயையும் பெரியவர் பார்வை இல்லாமல் ஒரே இடத்தில் விடக் கூடாது. பார்வை என்றால் கை எட்டும் தூரம். பக்கத்து அறையில் இருந்துகொண்டு காது கொடுப்பது கணக்கில்லை. உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை ஒடுக்குவது, அசையாமல் விறைப்பது எல்லாம் நாய் போதும் என்று சொல்லும் விதங்கள். அதற்கும் அடுத்தது உறுமல். உறுமினால் திட்டாதீர்கள். திட்டி அடக்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். குழந்தையை அமைதியாக விலக்கிவிட்டு, பயிற்சியாளரை அழையுங்கள்.

சிறு குழந்தைகள் பலர், பல்லைக் காட்டும் நாயின் முகத்தைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முகபாவத்தைப் படிப்பதே சிரமமான குழந்தைக்கு நாயின் முகத்தைப் படிக்கக் கற்றுத்தருவதைவிட, இடத்தை வைத்து விதி சொல்வது எளிது: நாய் படுக்கையில் இருந்தால் தொடுவதில்லை, கிண்ணத்தின் பக்கம் இருந்தால் தொடுவதில்லை. அங்கே சிவப்பு அட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். விதி தெளிவாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வதில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் மற்றவர்களைவிட உறுதியானவர்கள். தடவுவதற்கும் ஒரு விதி: மூன்று எண்ணும்வரை தடவு, கையை எடு, நாய் திரும்பி வந்தால் மறுபடி தடவு, வராவிட்டால் முடிந்தது.

நாய்கள் சொல்லைவிடக் கைச்சைகையை நன்றாகப் பின்பற்றும். பேசாத குழந்தை உள்ளங்கையை உயர்த்தினால் நாய் உட்காரும் என்றால், அதைவிடத் தெளிவான உரையாடல் எது? முதலில் நீங்கள் பழக்குங்கள். உறுதியானபின் குழந்தையின் கையைச் சேருங்கள். நாய் சரியாகச் செய்த நொடியைக் குறிக்க அழுத்தும் கிளிக்கர் கருவியின் சத்தம் குழந்தைக்குப் பிடிக்காவிட்டால் ஒரு சின்னச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

நடைக்குப் போகும்போது முதன்மை வார் பெரியவர் கையில். குழந்தை ஆசைப்பட்டால் மெல்லிய இரண்டாவது வார் ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும். உதவி நாய்ப் படங்களைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் இடுப்பை நாயோடு கட்டிவிடாதீர்கள். பழகாத நாய் ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தால் குழந்தையையும் இழுத்துக்கொண்டு போகும்.

குளிப்பாட்டும்போது குழந்தையின் உடலைப் பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாத, அல்லது வலியைக் காட்டிக்கொள்ளாத குழந்தை கீறலையும் பல் பட்டதையும் சொல்லாது. தோல் கிழிந்திருந்தால், சொந்த நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

10. ஒத்துவராவிட்டால்

மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பாருங்கள். குழந்தை அறையைவிட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டதா? தூக்கம் கெட்டதா? நாய் எப்போதும் ஒளிந்திருக்கிறதா, சரியாகச் சாப்பிடவில்லையா, உறுமல் கூடுகிறதா? உங்களால் முடியவில்லையா? இவற்றில் ஒன்று தொடர்ந்து இருந்தாலும் பயிற்சியாளரிடமும் கால்நடை மருத்துவரிடமும் பேசுங்கள். வலியால்கூட நாயின் குணம் மாறும். அதன்பின்னும் சரியாகாவிட்டால், எழுதி வாங்கிய உறுதியின்படி நாயைத் திருப்பிக் கொடுப்பது அதற்கும் நல்லதுதான். அமைதியான வேறு வீட்டில் அது நன்றாக இருக்கும்.

குழந்தையிடம் இதை மறைக்காமல், படங்களோடு, நாள் குறித்துச் சொல்லுங்கள்: நாய் எங்கே போகிறது, யாரோடு இருக்கும், திரும்பி வராது. ஒருநாள் காணாமல்போனதாக ஆக்கிவிடாதீர்கள். நாய் வயதாகி இறக்கும் காலத்திலும் இதே முறைதான். தூங்கிவிட்டது, ஊருக்குப் போய்விட்டது என்றெல்லாம் சொன்னால், சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொள்ளும் குழந்தை அது எழும் என்று காத்திருக்கும், அல்லது தான் தூங்கப் பயப்படும். இறந்துவிட்டது, உடல் வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வராது என்று நேராகச் சொல்லுங்கள். கிண்ணத்தையும் படுக்கையையும் எப்போது எடுப்பது என்று குழந்தையைக் கேட்டுவிட்டு எடுங்கள்.